சாலை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்: ஆரம்பாக்கம் – தச்சூர் பகுதிச் சாலைத் திட்டங்களைப் படிப்பது எப்படி?

கொஞ்ச நாளாகத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் வருகிற சாலைத் திட்டங்களைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். புதுச் சாலை என்றதும் பேச்சு இரண்டு விஷயங்களில் நின்றுவிடுகிறது: எத்தனை ஏக்கர் போகிறது, எத்தனை மரம் போகிறது. இரண்டும் முக்கியம்தான். ஆனால் இந்தப் பகுதிக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. நிலம் போகாதவர்களையும் அது பாதிக்கும்: சாலை தண்ணீரின் குறுக்கே போகிறதா, தண்ணீரோடு சேர்ந்து போகிறதா?

தரையின் அமைப்பு

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் வடகோடி ஊர்களில் ஒன்று. சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலை 16-ல் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டினால் ஆரம்பாக்கம். அதற்கு அடுத்து ஆந்திராவின் தடா. மேற்கே நிலம் கொஞ்சம் மேடு, கிழக்கே பழவேற்காடு ஏரி. நடுவில் இருக்கிற சமவெளியில் சரிவு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும்.

இந்தச் சரிவை நம்பித்தான் இங்கே ஏரிகள் வெட்டினார்கள். மேற்கே இருக்கும் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி வெளியேறி, கால்வாய் பிடித்து, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்தக் கால்வாய்களில் பல, கோடையில் பார்த்தால் வெறும் பள்ளம், முள்ளுச்செடி. சில இடங்களில் கால்வாயே கிடையாது, தண்ணீர் வயல் மேலேயே பரந்து நகரும். கடைசியில் எல்லாம் ஆரணியாற்றுக்கோ, ஓடைகள் வழியாக நேராகப் பழவேற்காடு ஏரிக்கோ போய்ச் சேரும்.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளின் நன்னீரும் கடல்நீரும் கலப்பதால்தான் அங்கே இறாலும் மீனும் நண்டும் வளர்கின்றன. பூநாரைகள் வருவதும் அந்த இரைக்காகத்தான். ஆக, மேற்கே ஒரு கலங்கலில் வழியும் தண்ணீருக்கும் கிழக்கே ஒரு மீனவரின் வலைக்கும் தொடர்பு இருக்கிறது. நடுவில் சாலை வருகிறது.

சாலை கரையாகும்போது

நெடுஞ்சாலையைத் தரைமட்டத்தில் போட மாட்டார்கள். வெள்ளத்தில் முழுகக்கூடாது, கீழே சுரங்கவழி விடவேண்டும் என்பதால் மண் கொட்டி உயர்த்துவார்கள். இரண்டு, மூன்று மீட்டர் உயரத்துக்கு, பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்மேடு. நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு கரை. மதகு எங்கே வைக்கணும் என்று ஏரிக்கரை கட்டினவன் யோசித்தான். சாலைக்கு அதை யோசிக்க வேண்டியது நீரியல் ஆய்வு.

ஒரு சின்னக் கணக்கு. இது மாதிரிக்குத்தான், எந்தக் குறிப்பிட்ட இடத்தின் அளவும் அல்ல. பெருமழை நாளில் 400 மீட்டர் அகல வயல்வெளியில் 30 செ.மீ. ஆழத் தண்ணீர், நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் மெதுவாக நகர்கிறது என்று வையுங்கள். பார்ப்பதற்குத் தேங்கி நிற்பது போலத்தான் இருக்கும். ஆனால் 400 × 0.3 × 0.2 போட்டால் நொடிக்கு 24 கனமீட்டர்.

இப்போது குறுக்கே சாலை வருகிறது. அங்கே 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டிப் பாலம் வைக்கிறார்கள். அதில் தண்ணீர் நிறைந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் வெளியேறுவது 8 கனமீட்டர்தான். 24 வருகிறது, 8 போகிறது. மீதி மேற்குப் பக்கம் ஏறும். வயலில் ஏறும், பிறகு தெருவில் ஏறும். கிழக்குப் பக்கமும் தப்பவில்லை. முன்பு 400 மீட்டருக்குப் பரந்து போன தண்ணீர், இப்போது 2 மீட்டர் வாய் வழியாக வேகமாகப் பாய்ந்து மண்ணை அரிக்கும். அந்த வாய்க்கு நேராக இல்லாத ஏரிக்கு வரத்தே நின்றுபோகும். ஒரே சாலையால் ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி.

மூன்று பெட்டிகள் வைத்தால் இந்தக் கணக்கு நேராகிவிடும், அதுவும் அவை சரியான இடத்தில் இருந்தால். அதாவது இது சாலையே கூடாது என்கிற வாதம் இல்லை. எத்தனை வாய், எவ்வளவு அகலம், எந்த இடத்தில் என்கிற கேள்வி. பதில் அறிக்கையின் சில பக்கங்களில் அட்டவணையாக இருக்கும். பலர் அதைப் புரட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

அந்த அட்டவணையில் 'மீள்வருகைக் காலம்' என்று ஒன்று வரும். 50 ஆண்டு வெள்ளம், 100 ஆண்டு வெள்ளம் என்பார்கள். 50 ஆண்டு வெள்ளம் என்றால் 50 வருஷத்துக்கு ஒருமுறை முறை வைத்து வரும் வெள்ளம் அல்ல. எந்த ஒரு வருஷத்திலும் அது வருவதற்கு 2 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். 30 வருஷம் நிற்கும் பாலத்துக்கு அப்படிப்பட்ட வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம். 100 ஆண்டு வெள்ளம் என்றால் ஏறக்குறைய 26 சதவீதம். 2015-இலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இந்த மாவட்டம் பட்டதை வைத்துப் பார்த்தால் இவை ஒதுக்கிவிடக்கூடிய எண்கள் இல்லை.

மூன்று சாலைகள், மூன்று திசைகள்

இந்த வட்டாரத்தில் மூன்று பெரிய சாலைகளைச் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஏற்கெனவே இருக்கும் தேசிய நெடுஞ்சாலை 16. தங்க நாற்கரத்தின் ஒரு பகுதி. தெற்கு வடக்காகப் போகிறது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஆக நேர் குறுக்கு. போதாக்குறைக்குச் சென்னை – கூடூர் ரயில் பாதையும் கிட்டத்தட்ட இணையாக அதே திசையில் இன்னொரு கரையாகப் போகிறது. ஒன்றில் இருக்கும் பாலத்துக்கு நேராக மற்றொன்றில் பாலம் இல்லாவிட்டால், இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

இரண்டாவது, சித்தூர் – தச்சூர் ஆறுவழிச் சாலை. பாரத்மாலா திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போடுவது. சித்தூர்ப் பக்கம் பெங்களூரு சாலையில் பிரிந்து, ஆந்திர எல்லை தாண்டி, ஊத்துக்கோட்டை வட்டம் வழியாகத் தச்சூரில் தேசிய நெடுஞ்சாலை 16-ஐத் தொடுகிறது. பழைய சாலையை அகலப்படுத்தாமல் புது நிலத்தில் போடுவதற்கு 'கிரீன்ஃபீல்டு' என்று பெயர். ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் அது உண்மையாகவே பச்சை வயல்தான். முப்போகம் விளையும் நிலம் போகிறது என்று அங்கே விவசாயிகள் போராடினார்கள். திசையைப் பார்த்தால் இது வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, சரிவுக்குச் சாய்வாகப் போகிறது. நேர் குறுக்காகப் போகிற சாலையை விடச் சாய்வாகப் போகிற சாலையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கால்வாய் சாலையை நேராக வெட்டாமல் கோணத்தில் தொடும்போது, பாலத்தையும் அந்தக் கோணத்தில் கட்ட வேண்டும். செலவு மிச்சம் என்று நேராகக் கட்டிவிட்டால், தண்ணீர் சாலையோரமாகவே ஓடிப்போய் வேறொரு ஊர் எல்லையில் வெளியேறும்.

மூன்றாவது, சென்னை எல்லைச் சாலை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகப் பகுதியில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ., ஐந்து பிரிவுகள். மாநில அரசு செயல்படுத்துகிறது. முதல் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா கடன் தருகிறது. இதில் துறைமுகம் – தச்சூர் பகுதி கிழக்கு மேற்காகப் போகிறது. சரிவோடு போகிறதே, பிரச்சினை இல்லையே என்று தோன்றும். ஆனால் இது போவது இருப்பதிலேயே தாழ்ந்த நிலத்தில். பக்கிங்காம் கால்வாயையும் கழிமுகச் சதுப்பையும் கடக்கிறது. அங்கே தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. ஓதம் ஏறும்போது உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். தச்சூரிலிருந்து திருவள்ளூர் போகும் பகுதியோ கொசஸ்தலையாற்றைத் தாண்ட வேண்டும்.

மூன்று திட்டங்களுக்கும் தனித்தனி அறிக்கை, தனித்தனி ஆலோசகர். இரண்டு புதுச் சாலைகளும் பழைய சாலையோடு தச்சூரில் சேர்கின்றன. மழை மூன்றுக்கும் சேர்த்துத்தான் பெய்யும். ஒவ்வொரு அறிக்கையும் தன் சாலையை மட்டும் பார்த்தால், மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை யார் பார்ப்பது? இதற்குக் 'கூட்டுத் தாக்கம்' என்று பெயர். அறிக்கையில் அந்தத் தலைப்பைத் தேடிப் பாருங்கள். அதன் கீழே எழுதியிருப்பது பக்கக்கணக்கா, ஒரே ஒரு பத்தியா என்பதே நிறையச் சொல்லும்.

சாலைகள் தேவையில்லை என்று சொல்வதற்கில்லை. மணலி, எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு எல்லைச் சாலை எதற்கு என்று விளக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தேர்வாய்க்கண்டிகை சிப்காட்டுக்கும் சரக்கு போய் வர வழி வேண்டும். அதே தேர்வாய்க்கண்டிகையில்தான் பழைய இரண்டு ஏரிகளை இணைத்து, 500 மில்லியன் கனஅடி கொள்ளளவில், 2020-இல் சென்னைக்கு ஒரு குடிநீர் நீர்த்தேக்கமும் திறந்தார்கள். தொழிலும் தண்ணீரும் இங்கே ஒரே நிலத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆய்வு எந்தக் கட்டத்தில் வருகிறது?

சட்டப்படி அடிப்படை ஆவணம் 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் மத்திய அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இருக்கிற சாலையை அகலப்படுத்துவது என்றால் கதை வேறு. 2013-இல் வந்த திருத்தத்தின்படி 100 கி.மீ.க்கு மேல் நீளமும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடுதல் நிலமும் இருந்தால்தான் அனுமதி தேவை. தேசிய நெடுஞ்சாலை 16 போன்ற பழைய கரையை உயர்த்துவதும் அகலப்படுத்துவதும் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழேயே முடிந்துவிடும்.

புதுச் சாலைக்கு நடைமுறை இப்படி: முதலில், என்னென்ன ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு ஒரு பட்டியல் கொடுக்கும். பிறகு ஆலோசனை நிறுவனம் ஆய்வு செய்து வரைவு அறிக்கை தரும். அந்த நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பது சாலை போடுகிற தரப்பே. அடுத்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. யாருமே வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு.

முக்கியமான விஷயம் வரிசை. நிலம் எடுக்கும் அறிவிக்கை முதலில் வரலாமா, சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வர வேண்டுமா? சென்னை – சேலம் எட்டுவழிச் சாலை வழக்கு இதைத்தான் கேட்டது. 277 கி.மீ. சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீட்டில் 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நில எடுப்புக்கான முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை, வேலை தொடங்குவதற்கு முன் பெற்றால் போதும் என்று சொல்லிவிட்டது.

நடைமுறையில் இதன் பொருள்: சாலை எந்த வழியாகப் போகும் என்ற கோடு, ஆய்வு முடிவதற்கு முன்பே சர்வே எண்களாக மாறிவிடலாம். அதற்குப் பிறகு வருகிற அறிக்கையில் 'மாற்று வழிகள்' என்று ஓர் அத்தியாயம் இருக்கும். மூன்று கோடுகள் வரைந்து, ஒன்று சிறந்தது என்று காட்டியிருப்பார்கள். அது உண்மையான ஒப்பீடா, முடிவு செய்த கோட்டுக்கு எழுதிய காரணமா என்று பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் முதல் அறிவிக்கை வந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அது நிலத்தில் பாத்தியதை உள்ளவர்களுக்கு. சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் கிழக்கே, ஒரு சென்ட் கூட இழக்காமல், வரத்து மட்டும் நின்றுபோகிற ஏரியின் ஆயக்கட்டுதாரருக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்தான் கதி.

வறண்ட மாதத்தில் அளந்தால்

இந்த ஆய்வுகளுக்கு அடிப்படைத் தரவுகளை மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் சேகரித்தால் போதும் என்பது வழக்கம். காற்றின் தூசிக்கு இது நியாயம்தான், மழை பெய்தால் தூசி அடங்கிவிடும். ஆனால் நம்ம ஊரில் ஏரிகளை நிரப்புகிற மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வலசைப் பறவைகள் வருவதும் அந்த மாதங்களை ஒட்டித்தான். மார்ச் முதல் மே வரை வந்து பார்க்கிறவருக்கு ஓடை தெரியாது, பள்ளம்தான் தெரியும். தாங்கல் தெரியாது, மாடு மேய்கிற தரிசுதான் தெரியும். அறிக்கை பொய் சொல்ல வேண்டியதே இல்லை, கண்டதை எழுதினாலே போதும், பாதித் தண்ணீர் காணாமல் போய்விடும்.

மண் எங்கிருந்து வருகிறது?

இன்னொரு கணக்கு. மேலே 30 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், பக்கச்சரிவு ஒன்றுக்கு இரண்டு என்று ஒரு கரையை எடுத்துக்குங்க. அடியில் அகலம் 42 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 1,08,000 கனமீட்டர் மண். ஒரு டிப்பர் 12 கனமீட்டர் ஏற்றினால் 9,000 லோடு, ஒரே கிலோமீட்டருக்கு.

திருவள்ளூர் மாவட்டத்தில் சவுடு மண் என்றாலே ஏரி ஞாபகம்தான் வரும். தூர்வாருவது வேறு, சாலைக்காகத் தோண்டுவது வேறு. அளவு மீறினால் ஏரியின் அடி மதகின் மட்டத்துக்குக் கீழே போய்விடும், தண்ணீர் இருக்கும், பாசனத்துக்கு ஏறாது. சாலை, ரயில் பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஆகவே மண் எங்கே எடுக்கப் போகிறீர்கள், எந்த ஏரி, எத்தனை அடி ஆழம் என்று கேட்பதற்கு இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. அனல் மின் நிலையத்திலிருந்து 300 கி.மீ. சுற்றளவுக்குள் போடும் சாலைகளில் உலர் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் சாம்பல் கரையை இருபுறமும் மண்போர்வை போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் மழையில் கரைந்து வயலில் இறங்கும்.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் "எங்கள் வாழ்வாதாரம் போகும்" என்று சொன்னால் குறிப்பேட்டில் ஒரு வரியாக ஏறும். பதிலாக "விதிப்படி இழப்பீடு வழங்கப்படும்" என்று ஒரு வரி வரும். அதே ஆள், "இந்த கிலோமீட்டரில், இந்த சர்வே எண்ணில், எங்கள் ஏரியின் வரத்துக்கால்வாய் கடக்கிறது, உங்கள் அட்டவணையில் அங்கே பாலம் இல்லை, ஏன்?" என்று கேட்டால் அதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். கருத்துக் கேட்பில் எழுந்த கேள்விகளுக்கு இறுதி அறிக்கையில் பதில் இடம்பெற வேண்டும் என்பது நடைமுறை.

அதற்கு வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. கிராம வரைபடமும் புலப்படமும். அதில் ஓடை, கால்வாய், புறம்போக்கு எல்லாம் குறித்திருக்கும். சாலைக் கோட்டை அதன்மேல் பென்சிலால் வரைந்து, வெட்டுகிற இடங்களை எண்ணிப் பாருங்கள். அறிக்கையின் பாலப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். அடுத்தது வெள்ள அடையாளம்: 2015-இல், 2023-இல் எந்தச் சுவரில் எத்தனை அடி நின்றது என்று தேதியோடு படங்கள். செல்போனில் எடுத்ததே போதும். கூட்டத்தில் பேச முடியாவிட்டால் எழுத்தாகவும் கொடுக்கலாம், அதுவும் பதிவாக வேண்டும். எல்லைச் சாலை போல வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டம் என்றால், கடன் கொடுப்பவருக்கும் தனியாகச் சுற்றுச்சூழல் நெறிமுறை இருக்கிறது. ஜைக்காவிடம் ஆட்சேபம் தெரிவிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட உதவுவது ஊரில் மடை பார்த்தவர்களின் நினைவு. எந்தக் கலங்கல் முதலில் வழியும், எந்த வயலில் தண்ணீர் ஏறி எத்தனை நாளில் வடியும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஏப்ரலில் காரில் வந்து போகிற ஆய்வாளருக்கு அது கிடைக்க வழியில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு சாலைக் கோடு போகிற வழியெல்லாம் ஒரு நாள் நடந்து, சொல்வதை சர்வே எண்ணோடு எழுதி வையுங்கள். கருத்துக் கேட்பு அறிவிப்பு வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. 30 நாளில் அறிக்கையைப் படிக்கத்தான் நேரம் இருக்கும்.